இந்திரஜித்துக்காகவும் ஒரு கண்ணீர்

வங்கத்தில் ரயில்வேப் பணியில் இருந்தபோது நான் எழுத்துக் கூட்டிப் படித்த நூல், மைக்கேல் மதுசூதன தத்தரின் ‘மேகநாத வத காவியம்’ (1861). 1848 முதல் 1856 வரை சென்னையில் வாழ்ந்த கவிஞர் இவர்.

இதில் நாயகன் இராமன் அல்லன், அரக்கன் இந்திரஜித். வால்மீகியிலும் கம்பனிலும் அவன் வேள்வி கலைந்தபின் போரிட்டு மடிகிறான். தத்தரோ, பூசையில் இருக்கும் நிராயுதபாணியை இலக்குவன் கொல்வதாக மாற்றினார். கணவனைக் காணப் பெண்படையுடன் இலங்கை புகுந்த பிரமீளை, முடிவில் அவனுடன் சிதையேறுகிறாள்.

ஆனால் இராவணனைக் கவிஞர் குற்றமற்றவனாக்கவில்லை. மகன் வீரபாகுவை இழந்த சித்திராங்கதை, எல்லாம் உம் வினையே என்று அவனையே சாடுகிறாள்.

அரக்கரை எழுத முனையும் இளைஞர்களுக்கு இதுவே பாடம்: குற்றத்தை மறைக்க வேண்டாம், அதற்கு விலை கொடுத்தவர்களின் அன்பைக் காட்டுங்கள். வாசகர் மனம் தானே இளகும்.