20 அடி மனையில் 40 மீட்டர் கம்பி

2021 டிசம்பர் 18ஆம் தேதியை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். விடாத மழையில் சிலாங்கூரின் ஆறுகள் கரை கடந்தன. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை தண்ணீர். உலு லங்காட்டிலும் லங்காட் ஆற்றோரம் இருக்கும் நம் டெங்கிலிலும் மக்கள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். மின்சாரம் போன பல இடங்களில் கைப்பேசித் தொடர்பும் போனது. கோபுரத்தின் மின்கலம் இருக்கும்வரைதான் அது கைப்பேசி. அதற்குப் பிறகு வெறும் டார்ச் விளக்கு.

கோபுரமே தேவைப்படாத ஒரு வானொலி உண்டு. அதை அமெச்சூர் வானொலி அல்லது ஹாம் வானொலி என்பார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலியாளர் தற்செயலாக அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார். பொழுதுபோக்காக உலகத்தாருடன் பேச அங்கே நிலையம் அமைத்திருந்தவர், தொலைபேசிகள் செயலிழந்ததும் அதே கருவியைக் கொண்டு தீவின் செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பினார். அவரிடம் இருந்தவை ஒரு கருவி, ஓர் ஆண்டெனா, மின்சாரத்துக்கு ஒரு வழி. அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு, நம் தாமான் வரிசை வீட்டில் இப்படி ஒன்றை அமைக்க முடியுமா என்று கேட்பீர்கள். 'இடமே இல்லையே' என்பதுதான் எல்லாரும் சொல்லும் முதல் பதில். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

படிவம் 4 இயற்பியலில் அலைகள் பாடம் படித்தவர்களுக்கு இது தெரியும்: வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். வானொலி அலையின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். அதிர்வெண் 3.6 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் ஏறத்தாழ 83 மீட்டர். சாதாரணக் கம்பி ஆண்டெனா அதில் பாதி நீளம் இருக்க வேண்டும். கம்பியின் முனை விளைவால் அது கொஞ்சம் குறைந்து 40 மீட்டருக்கு வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் போதும். நம் மனையோ 20 அடிக்கு 70 அடி, அதாவது 6 மீட்டருக்கு 21 மீட்டர். ஆக 7 மெகாஹெர்ட்ஸ் கம்பி முன்கேட்டிலிருந்து பின்சுவர் வரை அச்சாகப் பொருந்துகிறது. 3.6-க்கு உரியது பொருந்தவில்லை.

நீளத்தைவிட உயரம்தான் பெரிய கவலை என்று சிலர் சொல்வார்கள். ஆண்டெனாவை அரை அலைநீள உயரத்திலாவது கட்ட வேண்டும் என்று பல நூல்கள் எழுதும். 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு அது 40 மீட்டருக்கு மேல், பத்து மாடிக் கட்டடத்தின் உயரம்! இங்கேதான் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: நீங்கள் யாரோடு பேசப் போகிறீர்கள்?

போர்ட் பிளேரிலிருந்து சென்னை 1,300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் ஒரே முறை மோதி அவ்வளவு தூரம் போக, அலை தரையிலிருந்து 20 பாகை அளவில் தாழ்வாகக் கிளம்ப வேண்டும். அதற்கு உயரமான ஆண்டெனா உதவும். ஆனால் டெங்கிலிலிருந்து குவாந்தான் சுமார் 210 கிலோமீட்டர், ஜொகூர் பாரு 280, பினாங்கு 320, கோத்தா பாரு 370. பினாங்குக்குப் போய்ச்சேர வேண்டிய அலை 60 பாகைக்கு மேல், கிட்டத்தட்ட தலைக்கு நேரே கிளம்ப வேண்டும். நீர்க்குழாயை வானத்தை நோக்கிப் பிடித்தால் சுற்றுமுற்றும் எல்லா இடமும் நனைவதுபோல, அது தீபகற்பம் முழுவதும் இறங்கும். நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் நின்றாலும் தடையில்லை. 20 பாகையில் அனுப்பினால் அலை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விழும். பினாங்குக்காரர் காதில் எதுவும் விழாது.

அலையை மேலே அனுப்பத் தாழ்வான கம்பியே ஏற்றது. கீழ்நோக்கிப் போகும் அலை தரையில் பட்டுத் தலைகீழாகத் திரும்புகிறது. கம்பி கால் அலைநீள உயரத்துக்குள் இருந்தால், திரும்பி வருவதும் நேராக மேலே போவதும் பெரும்பாலும் ஒன்றையொன்று வலுப்படுத்தும். 7.1 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 10.5 மீட்டர். 6 மீட்டர் கம்பத்தில் கட்டினாலும் நன்றாகவே வேலை செய்யும். 3.6-இல் அதே 6 மீட்டர் மிகத் தாழ்வுதான். தரை கொஞ்சம் ஆற்றலைத் தின்னும். ஆனாலும் பேச முடியும். வசதியில்லாதவனின் ஆண்டெனா என்று நினைத்தது, வெள்ள நேரத்துக்கு வேண்டிய ஆண்டெனாவாகவே இருக்கிறது.

சரி, 40 மீட்டரை எப்படி அடக்குவது? மடக்கித்தான். அரை அலைக் கம்பியில் மின்னோட்டம் நடுவில் அதிகம், முனைகளில் சுழி. அலை வீச்சில் ஏறத்தாழ 70 விழுக்காடு நடுப்பாதியின் வேலை. அந்த 20 மீட்டரை நேராகக் கட்டிவிட்டால் போதும். மீதியை இரு பக்கமும் 3 மீட்டர் கீழே இறக்கி, 6 மீட்டர் வேலிக்கு மேலாகக் குறுக்கே ஓட்டினால் மொத்தம் 38 மீட்டர். பாக்கியைப் பக்கவாட்டில் மடக்கலாம். தொடக்கத்தில் சற்று நீளமாகவே வைத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. முனைகளில் மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்கள் கையும் எட்டக் கூடாது. கம்பத்துக்கு நீட்டி மடக்கும் கண்ணாடியிழைத் தூண்டில் கோல் போதும். ஆண்டெனா கம்பிக்கு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் உறையிட்ட செப்புக் கம்பி போதும். 7 மெகாஹெர்ட்ஸ் கம்பியையும் அதே நடுப்புள்ளியில் இணைத்து, அரை மீட்டர் தள்ளிக் கட்டினால் ஒரே கேபிளில் இரண்டும் இயங்கும். இரண்டும் தேவைதான். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு 3.6-ஐ உறிஞ்சிவிடும், நாம் புவிகாந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பகலில் 7 நன்றாகத் திரும்பி வரும். நள்ளிரவு தாண்டினால் நிலைமை மாறும், அப்போது 3.6.

இவ்வளவு எதற்கு, 6 மீட்டர் கம்பம் ஒன்றை நட்டு அதையே ஆண்டெனா ஆக்கினால் என்ன? செய்யலாம். ஆனால் 3.6 மெகாஹெர்ட்ஸில் அவ்வளவு குட்டையான கம்பத்தின் கதிர்வீச்சுத் தடை 2 ஓம் அளவுதான். தரையின் இழப்பு 10 ஓம் என்று வைத்தால், 100 வாட்டில் 17 வாட் மட்டுமே காற்றுக்குப் போகும்; மற்றது மண்புழுக்களுக்குச் சூடு. மேலும் செங்குத்துக் கம்பம் தலைக்கு நேரே எதையும் அனுப்பாது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்!

கூரைக்கு அடியில் மறைத்துக் கட்டலாம் என்ற யோசனையும் வரும். நம் ஊர் வீடுகள் பலவற்றில் ஓட்டுக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்க அலுமினியத் தாள் விரித்திருப்பார்கள். அது வானொலி அலைக்குச் சுவர். கார் நிறுத்தும் இடத்தின் தகரக் கூரையும் அப்படியே. கம்பி அவற்றிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு நல்லது. மூலை வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பக்கவாட்டு நிலத்தின் மேலேயே கட்டிவிடலாம்.

கட்டி முடித்ததும் முதலில் கேட்பது பெரும்பாலும் இரைச்சல்தான். எல்.இ.டி. விளக்கு, கைப்பேசிச் சார்ஜர், பக்கத்து வீட்டுச் சூரிய மின் இன்வெர்ட்டர் எல்லாம் இந்த அலைவரிசையில் சீறும். ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து யார் குற்றவாளி என்று கண்டுபிடிப்பது வீட்டில் பிள்ளைகளோடு செய்ய நல்ல சோதனை. வட்டாரம் முழுக்க மின்வெட்டு ஏற்பட்டால் இந்த இரைச்சலும் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் காது தெளிவாகக் கேட்கும்.

பேசுவதற்கு உரிமம் வேண்டும். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறினால், தீபகற்பத்தில் 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். எந்தப் பிரிவுக்கு எந்த அலைவரிசை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 1952-இல் தொடங்கிய மலேசிய அமெச்சூர் வானொலிச் சங்கமும் இருக்கிறது.

கம்பி கட்டும்போது மின்சாரக் கம்பிகளின் பக்கமே போகாதீர்கள். கம்பம் சாய்ந்தாலும் அவற்றைத் தொடாத தூரம் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களில் ஒன்று. பிற்பகலில் வானம் கறுக்கத் தொடங்கியதும் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். முதல் இடி கேட்ட பிறகு கழற்றப் போகாதீர்கள்.