காருக்கு அகன்ற டயர்: தேர்ந்தெடுக்கும் முறை

பெங்களூரு ஆஸ்டின் டவுன் போன்ற பழைய குடியிருப்புப் பகுதிகளின் தெருவோரங்களில் நிற்கும் கார்களை நோக்கினால், சிலவற்றின் டயர்கள் தொழிற்சாலையில் பூட்டப்பட்டவற்றைக் காட்டிலும் அகன்றிருப்பதைக் காணலாம். தேய்ந்த டயரை மாற்றும் வேளையில், பழைய சக்கரத்திலேயே அகன்ற டயரைப் பூட்டிக்கொள்ளப் பலர் விரும்புகின்றனர். அகலம் கூடினால் தரையைப் பற்றும் ஆற்றலும் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. இஃது எவ்வளவு தூரம் உண்மை, அகலத்திற்கு எல்லை யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

அளவுக் குறியீடு

மாருதி சுசுகி ஸ்விஃப்ட் காரின் சில வகைகள் ‘165/80 ஆர் 14’ எனும் டயருடன் விற்கப்பட்டன. இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பதைக் குறிக்கும்; இங்கு அது 132 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்பது ரேடியல் அமைப்பையும், 14 என்பது ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் காட்டும். 14 அங்குலம் 355.6 மில்லிமீட்டர். ஆகவே டயரின் முழு விட்டம் 355.6 + 132 + 132 = 619.6 மில்லிமீட்டர்.

இதற்குப் பதிலாக 185/70 ஆர் 14 பூட்டினால் விட்டம் 614.6, வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் 185/65 ஆர் 14 பூட்டினால் விட்டம் 596.1 ஆகி, ஏறத்தாழ 4 விழுக்காடு குறைந்துவிடும். பழைய டயரில் வேகமானி சரியாகக் காட்டியதெனக் கொண்டால், இப்போது அது 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 96 கிலோமீட்டர் வேகத்திலேயே செல்லும். வண்டியின் அடிப்பாகமும் 12 மில்லிமீட்டர் தாழும். வேகத்தடைகள் மிகுந்த நகரத் தெருக்களில் இது சிறிய குறையன்று.

ரிம்மின் அகலம்

ஒவ்வொரு டயருக்கும் ஏற்ற ரிம் அகலம் வரையறுக்கப்பட்டுள்ளது. 185/70 ஆர் 14 டயருக்கு அது 4.5 முதல் 6 அங்குலம் வரை. 195/70 ஆர் 14 டயருக்கு 5 முதல் 6.5 வரை. ஆகவே 5 அங்குல ரிம்மில் முன்னது நன்கு அமரும். பின்னது கீழெல்லையில் நிற்கும். எல்லைக்குக் கீழான ரிம்மில் பூட்டினால் பக்கச்சுவர்கள் வெளியே புடைத்து, டயரின் நடுப்பகுதி மட்டும் விரைந்து தேயும். திருப்பங்களில் வண்டி தளர்ந்து செல்லும்.

தொடுபரப்பு

ஒரு சக்கரத்தின் மீது 300 கிலோகிராம் எடையும், டயருள் சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோகிராம் காற்றழுத்தமும் இருப்பதாகக் கொள்வோம். எடையை அழுத்தத்தால் வகுத்தால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 143 சதுர சென்டிமீட்டர். இக்கணக்கில் டயரின் அகலம் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அகன்ற டயரில் பரப்பு பெரிதும் கூடுவதில்லை. அதன் வடிவமே மாறுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. உலர்ந்த சாலையில், திருப்பங்களில் இவ்வடிவம் நன்மை தரும்.

மழைநீர்

நீர் தேங்கிய சாலையில் நிலைமை வேறு. குட்டையான அகன்ற தொடுபரப்பு, மிகுதியான நீரைக் குறைந்த நேரத்தில் விலக்க வேண்டியுள்ளது. விலக்க இயலாதபோது டயர் நீரின்மேல் மிதக்கும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயனற்றுப்போகும். 1963இல் அமெரிக்க நாசா நிறுவனத்தின் ஹார்ன், டிரெஹர் ஆகியோர் வெளியிட்ட சூத்திரப்படி, ஒரு சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு அழுத்தமுள்ள டயர் மணிக்குச் சுமார் 91 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். 25 பவுண்டில் 83 கிலோமீட்டரிலேயே அவ்வாறாகும். ஆஸ்டின் டவுன் தெருக்களில் இவ்வேகம் எழாது. ஆனால் அதே கார் மழைநாளில் ஓசூர் நெடுஞ்சாலையை அடைந்தால் எழக்கூடும். அகன்ற டயரைப் பூட்டிவிட்டு, சொகுசுக்காகக் காற்றைக் குறைப்பது இரட்டை அபாயம்.

செய்யத்தக்கவை

முதலாவது, அதே காரின் வேறு வகைகளுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளைக் கையேட்டில் காண்க. இரண்டாவது, ரிம்மின் அகலத்தை உறுதிசெய்க. மூன்றாவது, முழு விட்டத்தைக் கணக்கிடுக. நான்காவது, சுமைக் குறியெண் பழையதற்குக் குறையலாகாது. 85 என்பது 515 கிலோகிராமையும் 88 என்பது 560 கிலோகிராமையும் குறிக்கும். ஐந்தாவது, ஆட்களை ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, டயர் எங்கும் உரசவில்லையெனக் காண்க. 20 மில்லிமீட்டர் அகன்ற டயர் ஒவ்வொரு பக்கமும் 10 மில்லிமீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

இவற்றுள் ஒன்றேனும் பொருந்தாவிடில், பழைய அளவிலேயே நல்ல புதிய டயர் வாங்குவது மேல். மழையில் உயிரைக் காப்பவை ஆழமான வரிப்பள்ளங்களும் சரியான காற்றழுத்தமுமேயன்றி, வெறும் அகலமன்று.