மியூனிக்கும் கெம்னிட்சும்: ஒரு செலவாராய்ச்சி

கடல் கடந்து சென்று கல்வி பயில விழையும் மாணவர் முதற்கண் வினவுவது, கல்விக் கட்டணம் எவ்வளவு என்பதே. ஜெர்மனி நாட்டின் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணமே இல்லை என்னுஞ் செய்தி நம் நாட்டிற் பரவிய பின்னர், அந்நாட்டை நாடுவோர் தொகை பெருகி வருகின்றது. கட்டணம் இல்லாவிடத்தும் உண்ணவும் உறங்கவும் பொருள் வேண்டும் அன்றோ? அப்பொருள் ஒரே நாட்டினுள்ளும் நகர்க்கு நகர் எத்துணை வேறுபடுகின்றது என்பதை ஆராய்தலே ஈண்டு எம் நோக்கமாகும்.

தமிழ் பயில்வார்க்கு இக்கணக்கில் என்ன வேலை என நகைப்போர் நகைக்க. எம் தமையனார்க்கு 2025-ஆம் ஆண்டின் கோடையில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இரண்டில் இடங் கிடைத்தது. ஒன்று தெற்கே மியூனிக் நகரில்; மற்றொன்று கிழக்கே கெம்னிட்சு நகரில். இரண்டும் கட்டணம் வாங்காதவை. எம் தந்தையாரோ வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைத்தே கடன் பெறவேண்டிய நிலையினர். ஆகவே, இரவு உணவு முடிந்தபின் நாள்தோறும் தாளும் பென்சிலுமாக அமர்ந்து, இரு நகரங்களையும் யாம் நிறுத்துப் பார்க்கலாயினோம். அக்கணக்கே இக்கட்டுரை.

மாணவராகச் செல்வோர் தம்மைத் தாமே தாங்கவல்லார் என்பதைக் காட்டும்பொருட்டு, பெரும்பாலோர் ஓராண்டுச் செலவுத் தொகையை முன்னரே ஒரு கணக்கிற் செலுத்தவேண்டும். மாணவர் இதனைப் 'பிளாக்டு அக்கவுண்ட்' என வழங்குவர். பூட்டிய கணக்கு என்று நாம் கூறலாம். 2024 செப்டம்பர் முதல் இத்தொகை 11,904 யூரோ. அதிலிருந்து மாதந்தோறும் 992 யூரோ மாத்திரமே கைக்கு வரும். இவ்வளவை ஒட்டியே எம் கணக்கைத் தொடங்கினோம். தொடங்கியவுடன் ஒரு வியப்புற்றோம். என்னை? இத்தொகை நாடு முழுவதற்கும் ஒன்றே. மியூனிக்கிற் குடியேறுவார்க்கும் 992. கெம்னிட்சிற் குடியேறுவார்க்கும் 992. இத்தொகை அந்நாட்டு மாணவர்க்கு அரசாங்கம் நல்கும் உதவிப்பணத்தின் மேல்வரம்பை ஒட்டி வகுக்கப்பட்டது. அவ்வுதவியில் உறையுளுக்கென ஒதுக்கப்பட்டது 380 யூரோவே.

இனி உறையுளின் உண்மை விலையைக் காண்போம். பலர் கூடி வாழும் வீட்டில் ஓர் அறைக்கு, 2024, 2025-ஆம் ஆண்டுகளில் மியூனிக்கிற் கேட்கப்பட்ட சராசரி வாடகை 800 யூரோவை ஒட்டியது. ஜெர்மானிய நகரங்களுள் இதுவே மிகுதி. கெம்னிட்சில் அதுபோன்ற அறை 300 யூரோ அளவிற் கிடைப்பது. முப்பது வயதுக்குட்பட்ட மாணவர் கட்டாயமாகச் செலுத்தும் நோய்க் காப்பீட்டுப் பணம் நாடெங்கும் ஏறத்தாழ ஒரே அளவினது. மாதம் 145 யூரோ எனக் கொள்க. இவ்விரண்டையும் 992-இற் கழித்தால், கெம்னிட்சு மாணவர் கையில் 547 யூரோ நிற்கும். மியூனிக் மாணவர் கையிலோ 47 யூரோ. நாளொன்றுக்கு ஒன்றரை யூரோ! எம் தந்தையார் இக்கழித்தலை இருமுறை சரிபார்த்தார்.

ஒரு நாட்டின் இரு நகரங்கள் இங்ஙனம் வேறுபடுவதற்குக் காரணம் வரலாற்றிலுள்ளது. மியூனிக், பி.எம்.டபிள்யூ., சீமென்ஸ் முதலிய பெருந் தொழில் நிலையங்களின் தலைமையிடம்; வேலை நாடி மக்கள் வந்து குவிவதால் வீடு கிட்டுதல் அரிது. கெம்னிட்சோ, கிழக்கு ஜெர்மனியில் 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸின் பெயரைத் தாங்கி நின்ற தொழில் நகரம். நாடு இணைந்தபின் ஆலைகள் பல மூடப்பட்டன. இளைஞர் மேற்கே சென்றனர். மூன்று இலக்கத்திற்கு மேலிருந்த மக்கள் தொகை இரண்டரை இலக்கம் அளவிற்குக் குறைந்தது. ஆளில்லா வீடுகள் மிகுந்தமையின் வாடகை தாழ்ந்தது. நம் மாணவர் இன்று நுகரும் மலிவு, பிறர் விட்டுச் சென்ற வீடுகளின் மலிவேயாம்.

வாடகையைப் பற்றி இன்னும் சில கூறவேண்டும். ஜெர்மானியர் வாடகையைக் 'குளிர் வாடகை' என்றும் 'வெப்ப வாடகை' என்றும் இரண்டாக வகுப்பர். நான்கு சுவர்க்கு மாத்திரம் தருவது முன்னது. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை அகற்றல் முதலியனவும் சேர்ந்தது பின்னது. குடிக்கூலி என ஒரே சொல்லால் முடித்துவிடும் நமக்கு இப்பாகுபாடு புதிது. (நம்மூரிற் குளிர் வாடகைக்கு மக்கள் கூடுதலாகவே கொடுப்பர் என்பது வேறு.) விளம்பரத்தில் 400 எனக் கண்டு மகிழ்ந்த அறை, 'வெப்ப'மானவுடன் 500 ஆகலாம். மின்சாரமும் இணையத் தொடர்பும் சிலவிடத்து அதற்கும் புறம்பாகும். ஆதலின், இரு நகரத்து வாடகைகளை ஒப்பிடுவோர் குளிரைக் குளிரோடும் வெப்பத்தை வெப்பத்தோடுமே ஒப்பிடல் வேண்டும். யாம் முதல் இரண்டு இரவுகள் இதனை அறியாது எழுதிய தாள்களைக் கிழித்தெறிந்தோம்.

குடிபுகுமுன் வீட்டுக்காரர் வாங்கும் முன்பணம், சட்டப்படி மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேற்படலாகாது. அதனை மூன்று மாதத் தவணைகளிற் செலுத்தும் உரிமையும் குடியிருப்போர்க்கு உண்டு. மியூனிக்கிற் குளிர் வாடகை 700 எனின், முன்பணம் 2,100. கெம்னிட்சில் 230 எனின், 690. பூட்டிய கணக்கோ முதல் மாதமும் 992-க்குமேல் ஒரு யூரோவும் ஈயாது. ஆகவே மியூனிக் செல்வோர் அக்கணக்கிற்குப் புறம்பாகவும் கையிற் பணம் கொண்டு செல்லவேண்டும். இதனை முன்னறியாது சென்று, வந்திறங்கிய வாரமே ஊருக்குப் பணங்கேட்டு எழுதியோர் உளர். எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், மலிவென்று மயங்கி, அறையைக் காணுமுன்னரே இங்கிருந்தபடி முன்பணம் அனுப்பினார். அங்குச் சென்று பார்த்தபோது அத்தெருவில் அவ்வெண்ணுடைய வீடே இல்லை. மேலும், குடிபுகுந்தபின் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிதல் வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் எழுத்துச் சான்று இன்றியமையாதது. அச்சான்று தர மறுப்பவர் அறை எத்துணை மலிவாயினும் மலிவன்று.

உணவைப் பற்றி நெடிது கூற வேண்டுவதில்லை. ஆல்டி, லிடில் முதலிய கடைகள் நாடெங்கும் கிளை பரப்பியுள்ளன. அரிசி, பால், பருப்பு ஆகியவற்றின் விலை இரு நகரத்தும் ஏறக்குறைய ஒன்றே. மென்சா என்னும் மாணவர் உணவகத்தில் நண்பகல் உணவு எங்கும் மலிவு. வானொலி தொலைக்காட்சிக் கட்டணமாகிய 18.36 யூரோ, ஆளுக்கன்று, வீட்டுக்கு. மூவர் கூடி வாழின் ஒருவர்க்கு 6.12 யூரோ வரும். ஊர்தியைப் பொறுத்தவரை, நாடு முழுதும் நகர வண்டிகளிலும் வட்டார இரயில்களிலும் செல்லத்தக்க மாதச் சீட்டு 2025-இல் 58 யூரோவாக இருந்தது. 2026 ஜனவரியில் 63 ஆயிற்று. மாணவர்க்குச் சலுகை விலையிற் கிடைக்கும் பல்கலைக்கழகங்களும் உள. இச்சீட்டை நம்பி, மியூனிக்கிற் பயில்வோர் சிலர் ஆக்ஸ்பர்க் போன்ற அயல் நகரில் உறைவர். வாடகை குறையும், ஆயின் வட்டார இரயிலில் நாடோறும் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. இதனைச் செலவென்று எழுதுவதா, படிக்கக் கிடைத்த நேரமென்று எழுதுவதா என எமக்கும் தமையனார்க்கும் வழக்கு நிகழ்ந்தது. தீர்ப்பு இன்னும் ஆகவில்லை.

நிற்க. யூரோவை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. கடன் ரூபாயில் வாங்கப்படுவதால் ஒருமுறை பெருக்கித்தான் ஆகவேண்டும். 2024-இல் 90 ரூபாயை ஒட்டி நின்ற யூரோ, 2025-இல் 100-ஐத் தாண்டிற்று. 11,904 யூரோவைத் திரட்டுவார்க்கு ஓராண்டினுள் ஓர் இலக்கம் ரூபாய்க்கு மேல் சுமை கூடிற்று. ஆயினும், நகரங்களை ஒப்பிடுதற்கு ரூபாய் நல்ல அளவுகோல் அன்று என்பதே எம் கருத்து. உழைப்பின் மணியே நல்ல அளவுகோல். அந்நாட்டிற் சட்டம் வகுத்த குறைந்த கூலி 2025-இல் மணிக்கு 12.82 யூரோ, அது நாடெங்கும் ஒன்றே. பிடித்தங்களைக் கருதாது கணக்கிடின், மியூனிக் அறைக்கு மாதம் 62 மணி உழைக்கவேண்டும். கெம்னிட்சு அறைக்கு 23 மணி போதும். பாடம் நடக்குங் காலத்தில் வாரம் 20 மணி வரை மாணவர் வேலை செய்யலாம் எனக் கொண்டால், மியூனிக் மாணவர் மூன்று வாரம் வீட்டுக்காரர்க்கே உழைக்கின்றார். கெம்னிட்சு மாணவர் ஒரு வாரமும் சில நாழிகையும் உழைக்கின்றார்.

இதனால் கெம்னிட்சே சிறந்ததென முடித்துவிட்டோமோ எனின், இல்லை. மறுபக்கமும் ஒன்றுண்டு. மியூனிக்கின் பெரிய நிலையங்கள் பொறியியல் மாணவரைக் குறைந்த கூலிக்கு மேலும் கொடுத்து அமர்த்துவதுண்டு; ஆங்கிலம் மாத்திரம் அறிந்தார்க்கும் அங்கு வாயில் திறத்தல் கூடும். சிறு நகரில் கடையிலாயினும் தொழிற்சாலையிலாயினும் ஜெர்மன் மொழி பேசாதார்க்கு வேலை அரிது. எனவே, கெம்னிட்சின் மலிவைப் பெறுதற்கு மொழியை விலையாகக் கொடுத்தல் வேண்டும். மியூனிக்கில் மாணவர் விடுதிகளும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் ஒலிம்பிக் ஆட்டக்காரர்க்கென எழுப்பிய குடியிருப்பின் ஒரு பகுதியில் இன்று மாணவர் வாழ்கின்றனர். ஆங்கு வாடகை வெளியறையினும் மிகக் குறைவு. ஆனால் விடுதியில் இடங்கிட்டப் பல மாதங்கள், சிலர்க்கு ஆண்டுகளும், காத்திருத்தல் வேண்டும். முதல் ஆண்டின் கணக்கில் விடுதி வாடகையை எழுதிக்கொள்ளுதல் கிடைக்காத பொருளைச் சமைத்துண்பது போலும்.

இறுதி இரவில் ஒரே ஒரு பெருக்கல் எஞ்சியது. மாத வாடகையில் வேற்றுமை 500 யூரோ. இரண்டாண்டிற்கு 12,000 யூரோ. பூட்டிய கணக்கின் ஓராண்டுத் தொகை முழுவதினும் அது 96 யூரோ மிகுதி. தந்தையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தமையனார் மறுநாளே நாகர்கோவிலில் ஜெர்மன் மொழி வகுப்பு எங்கு நடைபெறுகின்றதென விசாரிக்கப் புறப்பட்டார்.

அவர் கெம்னிட்சு சென்றடைந்து முதல் மாதக் கணக்கை எழுதி அனுப்பினார். அறை 310 யூரோ. எம் கணக்கினும் பத்து மிகை. உணவு யாம் எண்ணியதினும் குறைவு, தாமே சமைக்கின்றாராதலின். ஆனால் எம் தாளில் எவரும் எழுதாத ஓரினம் அதில் இருந்தது. பனிக்காலக் காலணி, 90 யூரோ. எம் அன்னையார் அதனை மாத்திரம் ரூபாயாற் பெருக்கிப் பார்த்து, ஒன்பதாயிரத்திற்குச் செருப்பா என்று அன்று முழுதும் கேட்டுக்கொண்டேயிருந்தார்.