உளவியலில் முதுகலையா? முனைவர் பட்டமா?

பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் நம்மில் பலரும் "அடுத்து என்ன?" என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். உளவியலில் நாட்டங்கொண்ட எனக்கு, முதுகலையோடு நிற்பதா, முனைவர் பட்டம்வரை செல்வதா என்பதே கேள்வி. பேராசிரியர்களைக் கேட்டும் விதிமுறைகளைப் படித்தும் நான் அறிந்தவற்றை இங்கே தருகின்றேன்.

முதுகலை

இது இரண்டாண்டுப் படிப்பு. ஆளுமை, பிறழ்நிலை உளவியல், புள்ளியியல், சோதனைக்கூடப் பயிற்சி முதலியன இதில் அடங்கும். வேறு பாடத்தில் பட்டம் பெற்றோரையும் சில பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலை வழியில் நடத்தக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக்குழு கூறிவிட்டது. எனவே நேரில் சென்றே பயில வேண்டும். விடுதிச் செலவையும் கணக்கில் கொள்ளுதல் நன்று.

முனைவர் பட்டம்

2022ஆம் ஆண்டு விதிகளின்படி இதற்குக் குறைந்தது 3 ஆண்டுகள், மிகுந்தது 6 ஆண்டுகள். நம்மைப் போல் மூன்றாண்டு இளங்கலை பயில்வோர் முதுகலையில் 55 விழுக்காடு பெற்ற பின்னரே இதில் சேர இயலும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோர்க்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது.

ஒரு மயக்கம்

பெயருக்கு முன் "டாக்டர்" வந்துவிட்டால் மனநோயாளிகளுக்குச் சிகிச்சையளிக்கலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. அமெரிக்காவில் இளங்கலையிலிருந்து நேரே முனைவர் படிப்பிற்குச் செல்லலாம். உளவியலாளர் உரிமம் பெறவும் பெரும்பாலும் முனைவர் பட்டம் வேண்டும். இங்கே நிலைமை வேறு. மருத்துவ உளவியலாளராக இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற பயிற்சி தேவை. நெடுங்காலம் அதற்குரிய வழியாக இருந்தது ஈராண்டு எம்.பில். படிப்பே. எம்.பில். 2022இல் கைவிடப்பட்டபோதும், மருத்துவ உளவியலுக்கு 2025–26வரை சேர்க்கை நீட்டிக்கப்பட்டது. இனிச் சேர்வோர் கவுன்சிலின் ஏற்புப் பட்டியலைப் பார்த்தே சேர வேண்டும்.

நம் மாவட்டத்தில்

2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. தந்தையை இழந்த பிள்ளையின் அருகில் அமர்ந்து பேச, பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும். ஆபத்தை அறிந்தும் மனிதன் ஏன் குடிக்கிறான்? நகர மக்களுக்கென ஆங்கிலத்தில் ஆக்கிய உளச்சோதனை, கல்வராயன் மலை மலையாளிப் பழங்குடியினரின் மனத்தைச் சரியாக அளக்குமா? இவற்றுக்கு விடை காண ஆய்வாளர் வேண்டும். முன்னது கைகொடுக்கும் பணி. பின்னது கேள்வி கேட்கும் பணி. இரண்டுமே நமக்குத் தேவை.

கல்கத்தாவில் மருத்துவராக இருந்த கிரீந்திரசேகர் போஸ் 1917இல் உளவியலில் முதுகலை பெற்றார். நோயாளிகளோடு பழகியபடியே ஆராய்ந்து, 1921இல் முனைவர் பட்டமும் பெற்றார். பணியே அவருக்கு ஆய்வுக்கான கேள்வியைத் தந்தது.

என் முடிவு

நான் முதலில் முதுகலையில் சேரவிருக்கிறேன். என் வீட்டாரால் ஈராண்டுச் செலவைத் தாங்க முடியும். ஆறாண்டு காத்திருக்க முடியாது. பின்னர் நூல்களில் விடை கிடைக்காத ஒரு கேள்வி என்னை விடாது பற்றுமாயின், உதவித்தொகை பெற்று ஆய்விற்குச் செல்வேன். நண்பர்களே, பட்டத்தின் உயரத்தைப் பாராமல், நாம் செய்ய விரும்பும் பணியைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்போம்.