ஹாஸ்டலில் இருக்கும் லேப்டாப்புக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். கடன் வாங்கித்தான் அவளுக்கு 1,45,000 ரூபாயில் லேப்டாப் வாங்கப்போகிறோம். ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். கீழே விழுந்தாலோ திருடு போனாலோ அதில் பணம் வருமா? எங்கள் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அதுவே இதற்கும் ஆகுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வராதும்மா. வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். மதர்போர்டு தானாகப் பழுதானால் மாற்றித் தருவார்கள்; காபி கொட்டிப் பழுதானால் தரமாட்டார்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி அதே வாரண்டியை ஓரிரு வருடம் நீட்டுகிறது, அவ்வளவுதான்.

கடையில் நீங்கள் கேட்க வேண்டியது ‘ஆக்சிடென்டல் டேமேஜ் புரொடக்‌ஷன்’. டெல், ஹெச்பி, லெனோவோ நிறுவனங்களே இதைத் தருகின்றன. ஆப்பிளில் ஆப்பிள்கேர் பிளஸ். விழுந்து ஸ்கிரீன் உடைவதும், தண்ணீர் கொட்டுவதும் இதில் அடங்கும். லேப்டாப்போடு சேர்த்தே எடுத்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் கெடு முடிந்துவிடும். வருடத்துக்கு எத்தனை முறை ரிப்பேர், ஒவ்வொரு முறையும் நம் கையிலிருந்து எவ்வளவு என்பதையும் கேளுங்கள். பையில் போட்டுத் தினமும் வகுப்புக்குத் தூக்கிப் போகிற பொருள் இது. முதலில் செலவு செய்ய வேண்டியது இதற்குத்தான் என்பேன்.

திருட்டு தனிக் கதை. மேலே சொன்ன திட்டங்களில் பெரும்பாலும் அது சேராது. வீட்டு பாலிசியை நம்பவும் முடியாது. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில், கட்டடத்துக்கான தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே பாதுகாப்பு உண்டு. ஆனால் தீ, வெள்ளம் போன்றவை நேர்ந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே பணம். போதாததற்கு, பாலிசியில் இருப்பது உங்கள் தஞ்சாவூர் முகவரி.

வெளியே எடுத்துப் போகும் பொருளுக்கென்றே ‘ஆல் ரிஸ்க்’ பாலிசி இருக்கிறது. சில நிறுவனங்களின் ஹவுஸ்ஹோல்டர் பாலிசியில் மாடலும் சீரியல் நம்பரும் குறிப்பிட்டு லேப்டாப்பைச் சேர்க்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். பூட்டையோ கதவையோ உடைத்த தடயம் இருந்தால்தான் பணம் என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. அறைத்தோழி குளிக்கப் போன நேரத்தில், திறந்து கிடந்த அறையிலிருந்து யாரோ எடுத்துப் போனால்? லைப்ரரி மேஜையிலிருந்து போனால்? இந்த இரண்டையும், தேய்மானம் கழிப்பார்களா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே இமெயிலில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வதை வைத்து எடுக்க வேண்டாம். ஹாஸ்டல் அறைக்குப் பொருந்தாது என்று பதில் வந்தால், அந்த பிரீமியத்தைக் கட்டாதீர்கள்.

பாலிசி எடுத்த பிறகு திருடு போனால், அன்றே காவல் நிலையத்துக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல் எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி, சீரியல் நம்பரை அதில் எழுத வையுங்கள். க்ளெய்மை மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.