நோயாளியின் கட்டிலருகே பெனடிக்ட்

வேதபாடம்: மத்தேயு 25:31-40



இத்தாலியிலுள்ள நர்சியா என்னும் ஊரில் ஏறத்தாழ கி.பி. 480-இல் பிறந்தவர் பெனடிக்ட். கத்தோலிக்கர் இவரைப் புனித ஆசீர்வாதப்பர் என்றும் அழைப்பார்கள். படிப்பதற்காக ரோமாபுரிக்குச் சென்ற அவர், அங்கே கண்ட சீர்கேட்டினால் மனம் வெறுத்து, சுபியாக்கோ மலைக் குகை ஒன்றில் மூன்று ஆண்டுகள் தனித்து ஜெபித்தார்.

அந்நாட்களில் அவருக்கு உணவு கொடுத்தது யார்? அவர் வரலாற்றை எழுதிய பாப்பரசர் முதலாம் கிரகோரியார் அதைக் கூறுகிறார். அருகிலிருந்த மடத்துத் துறவியாகிய ரோமானுஸ், தன் பங்கு அப்பத்தில் மிச்சம் பிடித்து, ஒரு மணியோடு கயிற்றில் கட்டிப் பாறையின் மேலிருந்து இறக்குவாராம்.

பின்பு சீடர்கள் திரண்டனர். சுமார் 529-இல் மொந்தே கசீனோ மலைமேல் பெனடிக்ட் ஒரு மடத்தை நிறுவினார். அதற்காக அவர் எழுதிய ஒழுங்குநூலில் 73 அதிகாரங்கள் உண்டு. அதில் 36-ஆம் அதிகாரம் நோயாளிகளைப் பற்றியது. அதன் போதனைகளைக் கவனிப்போம்.

1. நோயாளியைப் பேணுவதே முதற்கடமை. அவருக்குச் செய்வது கிறிஸ்துவுக்கே செய்வதாகும்.

2. அவருக்குத் தனி அறையும், தேவபயமுள்ள பணியாளரும் வேண்டும். மற்றத் துறவிகளுக்கு விலக்கப்பட்ட இறைச்சியும் மிகவும் பலவீனமானவருக்கு உண்டு. கண்டிப்பான ஒழுங்கும் நோயாளிக்காக வளைந்துகொடுக்கிறது.

3. நோயாளியும் அளவுமீறிக் கேட்டுப் பணியாளரை வருத்தக்கூடாது. வருத்தினாலோ, பொறுமையோடு சகிக்க வேண்டும். கவனிப்பில் குறை நேர்ந்தால் மடாதிபதியே அதற்குப் பொறுப்பு.

மூன்றாவது போதனை என்னைக் குத்துகிறது. ஒரு மாலை, எப்பொழுதும் குறைசொல்லும் முதியவர் ஒருவரின் கட்டிலை, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தாண்டிச் சென்றேன். மறுநாள் காலை அந்தக் கட்டில் காலியாயிருந்தது. நான் தாண்டிச் சென்றது யாரை? இன்றும் அதை நினைத்து ஜெபிக்கிறேன்.

பெனடிக்ட் சுமார் 547-இல் மரித்தார். காய்ச்சலால் தளர்ந்த அவரைச் சீடர்கள் கைகளில் தாங்கிக்கொள்ள, நின்று ஜெபித்தபடியே அவர் உயிர் பிரிந்ததாகக் கிரகோரியார் எழுதுகிறார். குகையில் பிறர் அப்பத்தால் பிழைத்தவர், கடைசியிலும் பிறர் கைகளில் சாய்ந்தார்.

அன்பானவர்களே, வியாதியஸ்தரின் படுக்கையண்டை எல்லாராலும் வந்து நிற்க முடியாது. ரோமானுஸும் குகைக்குள் இறங்கவில்லை. தன் பங்கைக் குறைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தார். அவரால் ஒரு உயிர் காக்கப்பட்டது.

சிந்தனைக்கு: நாம் "நாளைக்கு" என்று தாண்டிப் போகிறவர் யார்? இந்த வாரம் அவரிடம் போவோமா?