லோடு ஏத்திட்டு அளந்தியால?

செப்டம்பர் 14 மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா. தூத்துக்குடியிலிருந்து கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர். 2016-ல் என் மாருதி ஜென் காரில் அஞ்சு பேர் போனோம். போன வழியில் பாதித் தூரத்தை அம்மாவும் அத்தையும் நடந்தே கடந்தார்கள் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள். பாதி என்பது பொய். ஆனால் முக்காணி, ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று ஊருக்கு ஊர் வேகத்தடை வந்தபோதெல்லாம் நாலு பேரும் இறங்கினார்கள். நான் மட்டும் வண்டியைக் கோணலாக ஏற்றி இறக்க, அவர்கள் வெயிலில் நடந்துவந்து மறுபடி ஏறினார்கள். காயல்பட்டினத்தில் ஒரு டீக்கடைக்காரர், "வண்டி தள்ளணுமா?" என்று உதவிக்கே வந்துவிட்டார்.

வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. வண்டியைத் தாழ்த்த நான்தான் ஸ்பிரிங்கை வெட்டியிருந்தேன்.

ஜென்னை ஓட்டியவர்களுக்கு அந்த ஆசை புரியும். 1993-ல் வந்து 2006-ல் நின்றுபோன வண்டி. 993 சிசி எஞ்சின், எடை எண்ணூறு கிலோவுக்குள், திருப்பினால் பம்பரம் மாதிரித் திரும்பும். குறை ஒன்றுதான்: ஒல்லி டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் நாலு விரல் நுழைகிற இடைவெளி. பக்கத்திலிருந்து பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கிற ஆள் போலிருக்கும். என்னுடையது 2003 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஎன் 69 வண்டி. அந்த இடைவெளியைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தூக்கம் போனது.

ஒரு பட்டறையில் அரை நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். கட்டிங் மெஷினை வைத்து ஸ்பிரிங்குக்கு ஒன்றரைச் சுற்று. வண்டி இரண்டு அங்குலம் இறங்கியது. முத்துநகர் பீச்சில் நிறுத்திப் போட்டோ எடுத்தேன். போட்டோ நன்றாகத்தான் இருந்தது.

வெட்டினால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்பிரிங் என்பது சுருட்டி வைத்த நீளக் கம்பிதான். கம்பி குறைந்தால் விறைப்பு ஏறும். வேலை செய்கிற சுற்று ஏழு என்றால், ஒன்றரை போய் மீதி ஐந்தரை. விறைப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிடும். இன்னொன்று இதைவிட மோசம். கம்பெனி ஸ்பிரிங்கின் நுனி, உட்காரும் கிண்ணத்துக்குப் பொருந்துகிற மாதிரி வளைத்துச் செய்தது. வெட்டிய நுனிக்கு அந்தப் பொருத்தம் கிடையாது; சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து நகரும். சிலர் வெட்டாமல் கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி ஸ்பிரிங்கை 'உட்கார' வைப்பார்கள். அது இன்னும் கேடு. இரும்பின் பதமே போய்விடும், எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

என் வண்டியில் ஸ்பிரிங் நகர்ந்தது துறைமுகச் சாலையில். கன்டெய்னர் ட்ரெய்லர்கள் மிதித்து மிதித்துத் தார் இரண்டு வாய்க்காலாகப் பள்ளம் விழுந்த இடம். வலது பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது 'டக்' என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து பார்த்தால் வண்டி ஒரு பக்கம் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கினேன். ஸ்பிரிங் கிண்ணத்தை விட்டு நழுவி, முழுகிய தோணியின் பாய்மரம் மாதிரிச் சாய்ந்து நின்றது.

அன்றைக்குத் திண்ணையில் பெரியப்பா இருந்தார். முப்பது வருஷம் தோணியை நடத்துகிற தண்டலாக மாலத்தீவுக்குப் போய் வந்தவர். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார்.

"ஏல, இவ்வளவு எறக்கணும்னு எப்படிக் கணக்குப் பண்ணுன?"

"பாக்க நல்லாருந்துச்சு பெரியப்பா."

"காலியா கெடக்க தோணியப் பாத்து எவனாச்சும் தண்ணி மட்டம் குறிப்பானா? லோடு ஏத்திட்டு அளந்தியால?"

அளக்கவில்லை. அடுத்த ஞாயிறு அளந்தேன். நீங்களும் ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் உதடு வரைக்கும் டேப் வைத்து அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடும். முதலில் காலி வண்டி. பிறகு வழக்கமாக ஏறுகிற ஆட்களையும் வழக்கமான சாமானையும் ஏற்றிவிட்டு. என் வண்டியில் அஞ்சு பேர் உட்கார்ந்ததும் பின்பக்கம் 40 மி.மீ. இறங்கியது. ஜென்னுக்குக் கம்பெனி சொல்கிற தரை இடைவெளி 165 மி.மீ. அதில் நான் வெட்டி இறக்கியது 50, ஆட்கள் ஏறி இறங்கியது 40. மிச்சம் 75. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படியான வேகத்தடையின் உயரமே 100 மி.மீ. அதுவும் 3.7 மீட்டர் அகலத்துக்குச் சரிந்து ஏறி இறங்க வேண்டும். நம் ஊரில் அரை மீட்டரில் தார்ச் சுவர் மாதிரி எழுப்பியிருப்பார்கள். மணப்பாட்டுப் பயணத்தின் மர்மம் ஒரு காகிதத்துண்டில் தீர்ந்துபோனது.

பழைய ஸ்பிரிங் கிடைக்குமா என்று தேடிக்கொண்டு போனபோதுதான் இன்னொரு மெக்கானிக் அண்ணாச்சி கிடைத்தார். ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்றுவிட்டார். பானெட்டைத் திறந்து, முன் ஷாக்கின் தலை வந்து மாட்டுகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினார். இடது பக்கம் 'டிங்'. வலது பக்கம் 'டொப்'. திருப்பிப் பிடித்து நுனியால் லேசாக அழுத்தினார். பெயின்ட் அப்பளம் மாதிரி உடைந்து, உள்ளே காப்பிப்பொடி நிறத்தில் துரு கொட்டியது.

"இதுலதான் தம்பி ஒங்க மொத்த வண்டியும் நிக்கி. இத உட்டுட்டு அழகு பண்ணிட்டு இருக்கிய."

தூத்துக்குடி உப்பளங்களுக்கு நடுவில் கிடக்கிற ஊர். காற்றிலும் உப்பு. முள்ளக்காடு பக்கம் உப்பு லாரியின் பின்னால் போனால் சொட்டுகிற நீரிலும் உப்பு. கொடுமை என்னவென்றால், கழுவுகிறேன் என்று போர்த் தண்ணீரைப் பீய்ச்சினால் அதிலும் உப்பு. தாமிரபரணித் தண்ணீர் வருகிற அன்றைக்கு இரண்டு வாளியை ஒதுக்கிவைத்து, வண்டியின் அடிப்பக்கத்துக்கு அதை மட்டும் ஊற்றுகிறேன். வீட்டில் இதற்கு நடந்த சண்டை தனிக்கதை. பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடித்துவிட்டால் துரு வராது என்பார்கள். அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். துருப்பிடித்ததை வெட்டி, வெல்டு வைத்து, பிரைமர் பூசி, மூடிய குழாய்ப் பகுதிகளுக்குள் மெழுகு வகைத் துருத்தடுப்பு அடிப்பதுதான் வேலை. எனக்கு ஸ்பிரிங்குக்கு ஆனதைப்போல இரண்டு மடங்கு அதற்கே ஆனது. கடற்கரை ஊரில் பழைய வண்டியைத் தாழ்த்த நினைப்பவர் தட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள்: முன் ஷாக் தலை, பின் ஸ்பிரிங் கிண்ணம், ட்ரெய்லிங் ஆர்ம் பாடியில் மாட்டுகிற இடம். மூன்றில் ஒன்று 'டொப்' என்றாலும் அழகு வேலை அப்புறம்.

பிறகுதான் ஸ்பிரிங். கோயம்புத்தூரில் அளவு கொடுத்தால் சுற்றித் தருகிற பட்டறைகள் உண்டு. மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவரதனின் ஊர் அல்லவா, இந்தப் பித்து அங்கே பலருக்கும் புரியும். முன்னால் 25 மி.மீ., பின்னால் 15 மி.மீ. மட்டும் தாழ்த்தச் சொன்னேன். பின்னால் குறைவு, ஏனென்றால் லோடு ஏறுவது அங்கே. விறைப்பும் கொஞ்சம் கூட்டச் சொன்னேன். காலியாக நிற்கும்போது மூக்கு லேசாகத் தாழ்ந்திருக்கும், ஆட்கள் ஏறினால் மட்டமாகிவிடும். போட்டோவுக்கு இது அவ்வளவு எடுபடாது.

ஷாக் அப்சார்பரில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பெரியப்பாவின் அப்பா முத்துக்குளித்தவர். 1961-க்குப் பிறகு இங்கே அரசு முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. அவர் கதை மட்டும் வீட்டில் மிச்சம். காலில் கல்லோடு இறங்குவதில் பெரிய வித்தை இல்லையாம், கல் பார்த்துக்கொள்ளும். ஏறுவதுதான் உயிர், அது மேலே கயிறு பிடிக்கிறவன் கையில். ஸ்பிரிங் அந்தக் கல் என்றால் ஷாக்தான் கயிறுக்காரன். ஸ்பிரிங் அமுங்கிவிட்டு மேலே எழும்பும்போது அதை அளவாக விடுவது அதன் வேலை. விறைப்பான ஸ்பிரிங்கோடு எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஷாக்கைப் போட்டால் வண்டி தவளை மாதிரித் தாவும். நாலும் புதிதாகப் போட்டேன். உள்ளே இருக்கிற ரப்பர் பம்ப் ஸ்டாப்பையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையது பெரும்பாலும் பொடியாகிப் போயிருக்கும். தாழ்ந்த வண்டிக்கு அதுதான் கடைசித் தலையணை.

சக்கரத்தில் நான் செய்த முட்டாள்தனத்துக்கும் குறைவில்லை. முதலில் பார்த்த செட் ஸ்விஃப்டுடையது. போல்ட் வட்டம் 4×100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் நாலு போல்ட். ஜென்னுக்கு 4×114.3. கடைக்காரர், "அதனால என்ன, வேற துளை போட்டுத் தாரேன்" என்றார். நல்லவேளை, அந்த அளவுக்கு மட்டும் எனக்குப் பயம் இருந்தது. பழைய துளைக்குப் பக்கத்தில் புதுத் துளை போட்ட அலாய், நடுவில் விரிசல் விட எப்போதும் தயார். அதை விட்டுவிட்டு 114.3-லேயே 14 அங்குல செட் ஒன்றும், அதற்கு 175/65 டயரும் வாங்கினேன். கணக்குப் போடாமல் வாங்கினேன்.

கணக்கு சின்னதுதான். டயர் அகலத்தை விகிதத்தால் பெருக்கினால் பக்கச் சுவர். அதை இரட்டித்து ரிம் விட்டத்தைக் கூட்ட வேண்டும். கம்பெனி 145/70 ஆர்13 என்றால் 533 மி.மீ. நான் வாங்கியது 583. ஐம்பது மி.மீ. பெரிசு. தாழ்த்திய வண்டியில் போய் உயரமான டயர்! ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டின் உள்விளிம்பு டயரைச் சீவியது. மீட்டரில் 60 காட்டும்போது வண்டி 65-க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. பாதி விலைக்கு விற்றேன்.

இப்போது ஓடுவது 13 அங்குல அலாய், பழைய ஆல்டோ கே10-க்கு வந்த 155/65 ஆர்13 டயர். விட்டம் 532, கம்பெனி அளவிலிருந்து ஒரு மி.மீ. சொச்சம்தான் வித்தியாசம். எந்தக் கடையிலும் கிடைக்கும். லோடு எண் 73, அதாவது டயருக்கு 365 கிலோ. பழையது 71, 345 கிலோ. டயர் மாற்றும்போது இந்த எண் கம்பெனி எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. பக்கச் சுவரில் நாலு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். தள்ளுபடி விலைக்கான காரணம் பல சமயம் அந்த நாலு இலக்கத்தில்தான் இருக்கும்.

டயர் எங்கே உரசும் என்று தெரிய மட்கார்டின் உட்புறத்தில் களிமண் உருண்டைகளை ஒட்டிவைத்து, ஆட்களை ஏற்றி, இருபுறமும் முழுக்க ஒடித்து ஒரு சுற்று ஓட்டினேன். எந்த உருண்டை நசுங்கியதோ அங்கே இடம் போதவில்லை. இதற்கு எந்த மெஷினும் வேண்டாம். நட்டு விஷயத்தில் கவனம் வேண்டும்: மாருதியின் மரை 12×1.25. ஹூண்டாய், டொயோட்டா நட்டுகள் 12×1.5. இரண்டு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும். நட்டின் தலை கூம்பா, உருண்டையா என்பதும் அலாயின் துளையோடு பொருந்த வேண்டும். மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை: அலுமினியச் சக்கரமும் இரும்பு ஹப்பும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று அரித்து ஒட்டிக்கொள்ளும். பஞ்சர் ஆன இடத்தில் நாலு நட்டையும் கழற்றியும் சக்கரம் வராமல், ராத்திரி பத்து மணிக்கு அதை உதைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை நாலையும் கழற்றி, ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒட்டாமலிருக்க மெல்லியதாக ஆன்ட்டி சீஸ் பசை தடவி மாட்டுகிறேன். போல்ட் மரையில் படாமல்.

அலைன்மென்ட்டை ஸ்பிரிங் மாட்டிய அன்றே செய்ய வேண்டாம். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு செய்யுங்கள். நான் அவசரப்பட்டதில் முன் டயர்களின் உள்விளிம்பு நாலே மாதத்தில் மொட்டையானது. ஹெட்லைட்டும் இறங்கியிருக்கும், ஒரு சுவரில் அடித்துச் சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. உங்கள் மாற்றம் எதில் சேரும் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கேட்டு, இன்ஷூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிட்டு இறங்குங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருப்பதால் தப்பிக்க வழியும் இல்லை. அதற்காகவே வெட்டாத பழைய ஸ்பிரிங் ஒரு செட் தேடி வாங்கி, எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறேன். கம்பெனிச் சக்கரங்கள் அதற்குப் பக்கத்தில்.

போன செப்டம்பரிலும் அஞ்சு பேராக மணப்பாட்டுக்குப் போனோம். முக்காணி தாண்டி முதல் வேகத்தடை. நான் இரண்டாவது கியருக்கு வந்து நேராகவே ஏற்றினேன், எதுவும் இடிக்கவில்லை. அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்தால், அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கதவுக் கைப்பிடியில் கை வைத்திருந்தாள்.